மச்சான் காலில் சுற்றிய டேப்

மலையேறப் போகும்போதெல்லாம் என் தண்ணீர்ப் பாட்டிலின் இடுப்பில் அகலமான கறுப்பு டேப் பதினைந்து சுற்றாவது இருக்கும். உத்தமபாளையத்தில் எனக்குச் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் கடை. திராட்சைத் தோட்டத்தில் குழாய் வெடித்தால் அவசரத்துக்கு ஒட்டுகிற அதே டேப்தான். முழுச் சுருளாகக் கொண்டுபோனால் கனம், பையிலும் நசுங்கும். கிழிந்த மழைக்கோட்டு, முறிந்த குடைக்கம்பி, அறுந்த பை வார் என்று எத்தனையோ பேரை அது கரைசேர்த்திருக்கிறது. கூட வருகிறவர்கள் முதலில் கேலி செய்வார்கள், பிறகு அவர்களே வந்து ஒரு முழம் கேட்பார்கள். கொடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வரும். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பிப்ரவரியில் அனுமதி வாங்கிக்கொண்டு, கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறக் கிளம்பினோம், நானும் மச்சானும். மச்சான் என் அக்காவின் வீட்டுக்காரர். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. முந்தைய வருடம்தான் இடது காலில் சுண்டுவிரலை எடுத்திருந்தார்கள். அந்தப் பாதத்தில் உணர்ச்சி கிடையாது. முள் ஏறினாலும் தெரியாது. சின்னக் காயம்கூட ஆகக் கூடாது, வெறுங்காலோடு ஓர் அடி வைக்கக் கூடாது, ஆனால் தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது தெருவில் நடக்க. நாங்கள் அதை மலைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

அக்கா அனுப்பவே மாட்டேன் என்றாள். நான்தான் பொறுப்பேற்றேன். வாசல்வரை வந்தவள் என் சட்டையைப் பிடித்து, "ஏலே, போற கால் போற மாதிரியே திரும்பி வரணும். ஒரு கீறல் இருந்துச்சு, அப்புறம் ஒனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் ஏறியிருப்போம். பின்னால் மச்சானின் நடையில் டப் டப் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் இடது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. பல வருடம் பரணில் கிடந்த ஷூ. பசை செத்துப்போயிருந்தது. மச்சான் அசடு வழியச் சிரித்தார்.

அவரை ஒரு பாறையில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றாமலேயே வேலையை ஆரம்பித்தேன். அடியில் கொடுத்து மேலே இழுத்து, குதிகாலைச் சுற்றி, நழுவாமல் இருக்கக் கணுக்காலுக்கு மேல் காலுறையோடு சேர்த்து மூன்று சுற்று.

"இறுக்குதா மச்சான்?"

"ஒண்ணும் தெரியல மாப்ள. இன்னும் நல்லா இழு."

இழுத்தேன். பாட்டிலில் இருந்த டேப் முழுவதும் காலியானது. என் வேலையைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

அதன்பிறகு ஒரு மணி நேரத்தில் வெள்ளகெவி எல்லை வந்தது. அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வீடுகளுக்கு நடுவே நடுவே கோயில்கள். எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஊரைத் தாண்டித்தான் மாட்டிக்கொள்வார்கள். இந்தப் பக்கத்தில் மலையேறுகிற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். டேப்பைச் சுற்றும்போது மட்டும் மறந்துபோனது.

மச்சான் கீழே உட்கார்ந்து டேப்பைப் பிய்க்கத் தொடங்கினார். "சும்மா இருங்க மச்சான்! ஒட்டுறதுக்கு இனி டேப்பு இல்ல. வெறுங்காலோடயா நடப்பீக? நான் போய்க் கேட்டுட்டு வாரேன், ஒரு ஆளுக்காக விட மாட்டாகளா?"

"பள்ளிவாசல்ல நொழையிறப்பக் கழட்டுறமா இல்லியா? இங்க ஊரே கோயிலு. நான் மட்டும் என்ன தொரையா?"

"பள்ளிவாசல்ல முள்ளு கெடக்காது!" என்று கத்தினேன். பிறகு அந்த ஊரையும் அதன் கட்டுப்பாட்டையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி பேசினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஏனென்றால் பின்னால் காப்பிக் காட்டிலிருந்து ஒரு பெண் கையில் அரிவாளோடு வந்து நின்று, அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. கால் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "செருப்புத்தான் ஆகாது. துணியச் சுத்தி அண்ணன இங்கன உக்கார வையுங்க. எங்க வீட்டுல குதுர இருக்கு, மேல கொண்டுபோய் விட்ருவாக. மொதல்ல இத அறுத்து எடுங்க" என்று அரிவாளை நீட்டினார்.

அரிவாள் நழுவிப் பட்டாலும் மச்சானுக்குத் தெரியாது. அதனால் டேப்புக்கும் காலுக்கும் நடுவே என் விரலைக் கொடுத்து, அதன் மேல் அறுக்கலாம் என்று நினைத்தேன். பட்டால் எனக்கு வலிக்கட்டும்.

விரல் உள்ளே போகவில்லை.

சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தேன். நகம்கூடப் போகவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உணர்ச்சியே இல்லாத காலை வைத்திருக்கிறவரிடம் இறுக்குகிறதா என்று கேட்டிருக்கிறேன். அவர் தெரியவில்லை என்றதும் இன்னும் இழுத்திருக்கிறேன்.

அரிவாளைத் திருப்பி நீட்டினேன். அந்தப் பெண் அரிவாளை வாங்கி, முனையால் மேலிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கீறி எடுத்தார். ஷூவையும் காலுறையையும் உருவினேன். கணுக்காலைச் சுற்றி விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம். ஒரு பக்கம் தோல் பிளந்து ரத்தம் கசிந்திருந்தது. அதற்குக் கீழே பாதம் முழுக்கக் கத்தரிக்காய் நிறம். தொட்டால் சில்லென்றிருந்தது. மச்சான் அதை யாரோ ஒருவர் காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கவே இல்லியே மாப்ள" என்றார்.

கொடைக்கானலுக்கு இன்னும் மூன்று மணி நேர நடை பாக்கி இருந்தது. அந்த ஊரில் கழற்றும் கட்டுப்பாடு இல்லாவிட்டால் நான் மேலே போய்த்தான் கழற்றியிருப்பேன். எதை வெறுத்துக் கத்தினேனோ அதுதான் காலைக் காப்பாற்றியது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. காயத்தைத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துண்டைத் தளர்வாகச் சுற்றினேன். அவர் குதிரையைக் கூட்டிவரப் போனார்.

அங்கே கொஞ்சம் சிக்னல் இருந்தது. அக்காவின் போன் வந்தது. மச்சான் எடுத்து, "ஒண்ணுமில்லம்மா, ஷூ லேசாக் கடிச்சிருச்சு" என்று ஆரம்பித்தார். என்னைக் காப்பாற்றத்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. போனை வாங்கி, "ஷூ இல்லக்கா. நாந்தான் டேப்ப இறுக்கிக் கட்டிட்டேன். காயம் ஆயிருச்சு" என்றேன்.

ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"காலு சூடா இருக்கா?"

"பாக்குறதுக்கு இப்பப் பரவால்லக்கா."

"பாக்காத. தொட்டுச் சொல்லு."

துண்டை விலக்கி உள்ளங்கையை வைத்தேன். பிறகு இருக்கிற நான்கு விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். நிறம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பெருவிரலில் லேசாகச் சூடு வந்திருந்தது. சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கைய எடுக்காத" என்றாள் அக்கா. "நான் சொல்ற வரைக்கும் எடுக்காத."

மச்சான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். குதிரை வரும்வரை நான் அவர் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். போனில் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.