கண்ணெடுக்காமல் இருந்த மூன்று நாள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் அணுவைப் பற்றியும் மனித உணர்வைப் பற்றியும் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, எத்தனை முறை துவைத்தாலும் அப்பாவின் சட்டையை விட்டுப் போகாத, மெஷினுக்கு ஊற்றும் கூலண்ட் எண்ணெய் வாசனை.

மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறை லைன் வீட்டில் குடியிருந்தோம். இரும்பைக் கடையும் லேத் மெஷினில் வேலை பார்த்த அப்பா, அடுப்பில் பால் காயும்போதுகூட "கண்ணெடுத்தா பீஸ் போச்சு" என்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் கெடாது என்று நான் அதை அப்படியே நம்பினேன்.

எனக்குப் பத்து வயதானபோது, ஜூஜுவாடி பக்கம் வண்டி சறுக்கி அப்பாவுக்குத் தலையில் அடிபட்டது. இனி நினைவு திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாயில் கிடந்தவரின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, பசியும் தெரியவில்லை. தூக்கம் வந்தால், ஷிப்ட் மாற்றிவிடுவதுபோல அம்மாவைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் படுப்பேன்.

மூன்றாம் நாள் மதியம், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரான ரத்னக்கா வந்தார்.

"ஊட்டா ஆச்சா, பாப்பா?" சாப்பிட்டாயா என்பதை அவர் அப்படித்தான் கேட்பார்.

"நான் எந்திரிச்சா அப்பாவுக்கு மூச்சு நின்னுருங்க்கா."

"ஓஹோ. இத்தனை வருசமா நீ பள்ளிக்கூடம் போனப்பல்லாம் உங்கப்பா மூச்சை அடக்கிட்டா இருந்தாரு?" என்றவர், கையைப் பிடித்து என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனார்.

தட்டில் வைத்த ராகிக் களியைப் பாதியில் விட்டு எழுந்தேன். ஓடி வந்து பார்த்தால், மார்பு முன்போலவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷம் வரவில்லை. நான் தேவையில்லை என்பது மட்டும் தெரிந்தது.

சென்ற மாதம் என் மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். அணுவைவிடச் சிறிய துகள், அளந்து பார்க்கும்வரை இன்ன இடத்தில்தான் என்று இருப்பதில்லையாம்; பார்ப்பவரின் உணர்வுதான் அதை ஓரிடத்தில் நிறுத்துகிறது என்று சிலர் சொல்கிறார்களாம்; மனிதரே வேண்டாம், ஒரு கருவி போதும் என்பவர்கள்தான் அதிகமாம்.

"நீ என்னம்மா நினைக்கிற?" என்றான்.

நான் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். அளவு பார்க்கும் கேஜுக்கு மனசு கிடையாது, ஆனாலும் அளவு தப்பிய பீஸை அது உள்ளே விடாது. கருவி போதும் என்றேன்.

அந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. ரத்னக்கா எங்கே போனார் என்று தெரியவில்லை.

அவர் என்னை இழுத்துப் போன மறுநாள் காலை, பத்து மணிவாக்கில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் மார்பு ஏறி இறங்கியது; பிறகு ஏறவில்லை.