ஒன்பதாவது கட்டத்தின் கதவு

டக், டக் என்று கல் தரையில் ஒருவன் நடந்து வருவான்; சுவர் வரை வந்து, தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பிப் போவான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில், ஆம்பூரில் என் தோழி ஷபானாவின் வீட்டு முன்னறையில் நான் அதிகம் கேட்ட சத்தம் அதுதான். அவன் ஒரு கணினி விளையாட்டில் வரும் காவல்காரன். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவனை நாம் நடத்திச் சென்று, காவல்காரர்கள் கண்ணில் படாமல் கட்டடத்துக்குள் நுழைத்து, ஒரு காகித உறையை எடுக்கவைத்து வெளியே கொண்டுவர வேண்டும். அப்படி ஒன்பது கட்டங்கள்.

கணினி ஷபானாவின் அண்ணன் ரஃபியுடையது. ஷூ கம்பெனியில் தோல் வெட்டுவதற்கான 'பேட்டர்ன்' வரைபவர். கம்பெனியில் புது 'சாம்பிள் ரூம்' தயாரானதும் கணினியை அங்கே எடுத்துப்போவதாக இருந்தார். "ஸ்கூல் தொறக்குற வரைக்கும் வெளையாடுங்க. என் ஃபைல் மேல மட்டும் கை வெக்காதீங்க" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

விளையாட்டு வந்த அட்டைப்பெட்டியின் பின்புறம், ஆட்டத்தை முடித்ததும் வரும் அறிக்கையின் படம் ஒன்று அச்சாகியிருந்தது. அதில் 'கண்ணில் பட்ட தடவை' என்பதற்கு எதிரே ஒரு பூஜ்யம். ஷபானாவுக்கு அந்தப் பூஜ்யம் வேண்டும். வெறுமனே முடித்தால் போதாது. ஒருமுறை கண்ணில் பட்டாலும் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து தொடங்குவாள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுவரை நாங்கள் பார்த்த விளையாட்டுகளில் எல்லாம் சுட்டுத் தள்ளுவதுதான் வேலை. இதில் காத்திருப்பதுதான் வேலை. நிழலில் நின்றால் திரையின் அடியில் ஒரு சிறு விளக்கு மங்கும், வெளிச்சத்தில் கால் வைத்தால் எரியும். கம்பளத்தில் நடந்தால் ஒரு சத்தம், தகரத்தில் நடந்தால் வேறு சத்தம். ஒரே அறைக்கு மூன்று வழிகள் இருக்கும். அத்தனை நுணுக்கமாகக் காதை நம்பிச் செய்த விளையாட்டை நான் பிறகும் பார்த்ததில்லை.

அந்தக் காது எங்களுக்கு இல்லை. ஷபானாவின் அம்மாவுக்கு இருந்தது. நான் அவரைக் 'காலா' என்று கூப்பிடுவேன், உருதுவில் சின்னம்மா. ஏஜென்ட் மூட்டையில் கொண்டுவந்து போடும் 'அப்பர்'களை, அதாவது ஷூவின் மேல்பாகங்களை, வீட்டிலேயே மெழுகு நூலால் தைத்துக் கொடுப்பார். எங்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார். திரையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இரண்டாவது கட்டத்திலேயே, ஊசியை இழுத்துக்கொண்டே சொன்னார்: "ஏய், நில்லு. இப்போ வர்றவன் வேற ஆளு. மொதல்ல போனவன் லெதர் சோலு. இவன் ரப்பரு."

சோல் என்றால் ஷூவின் அடிப்பாகம்; காலடிச் சத்தத்தை வைத்தே சொல்கிறார். நாங்கள் நம்பவில்லை. ஷபானா மூலையில் ஒளிந்து எட்டிப் பார்த்தாள். வந்தவன் வேறு ஆள்தான், கையில் கைவிளக்கோடு.

"அம்மி, நீ கம்பெனில இருக்க வேண்டியவ" என்றாள் ஷபானா.

"கம்பெனிதான் ஊட்டுக்கு வந்து ஒக்காந்துனு இருக்கே" என்றார் காலா, மூட்டையைக் காலால் தள்ளி.

அதற்குப் பிறகு, அவர் "லெதரு" என்றால் ஓடுவோம், "ரப்பரு" என்றால் அசையாமல் நிற்போம்.

குறைகளும் சீக்கிரமே தெரிந்தன. கட்டம் முடிந்தால்தான் ஆட்டம் பதிவாகும்; இடையில் கரண்ட் போனால் ஒரு மணி நேர உழைப்பு போச்சு. சுவரை ஒட்டி நின்றால் திரை முழுக்கச் சுவரே தெரியும். காவல்காரர்களுக்கோ மறதி ஜாஸ்தி. நாங்கள் பின்னாலிருந்து அடித்துச் சாய்த்த கூட்டாளி மயங்கிக் கிடப்பதைப் பார்த்துக் கத்துவான். அரை நிமிடத்தில், காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவனைத் தாண்டி நடப்பான். "இவனுக்கு எவன் வேல குடுத்தான்" என்பார் காலா. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு எட்டுக் கட்டங்களைப் பூஜ்யத்தோடு முடித்தோம்.

ஒன்பதாவதில் ஓர் இரும்புக் கதவு. உறை அதற்குப் பின்னால். மூன்று காவல்காரர்களைத் தாண்டி, யார் கண்ணிலும் படாமல் கதவருகே போய்விட்டோம். கதவு திறக்கவில்லை. சாவி இல்லை, பொத்தான் இல்லை, வேறு வழியும் இல்லை. நான்காம் நாள் என் கை தவறி வெளிச்சத்தில் கால் வைத்துவிட்டேன். அலாரம் அடித்தது. கதவு தானாகத் திறந்து, துப்பாக்கிகளோடு ஒரு கூட்டம் வெளியே வந்தது.

"இப்படித்தான் தொறக்கும் போல" என்றேன்.

"அது மாட்டிக்கினவங்களுக்குத் தொறக்குற கதவு. நமக்கு வேற இருக்கும்" என்றாள் ஷபானா.

பதினைந்து நாள் அந்த 'வேறு' ஒன்றைத் தேடினோம். ஒரு பழைய நோட்டில் ஒவ்வொரு சுவரையும் வரைந்து, தொட்டுப் பார்த்த இடங்களுக்குப் புள்ளி வைத்தாள். குறை எங்களிடம்தான் என்பதில் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. எட்டுக் கட்டங்களாக அவசரப்படாதே, மறைந்திரு என்று பழக்கிய விளையாட்டு, ஒன்பதாவதில் எங்களை வேண்டுமென்றே மாட்டவைக்கும் என்று எப்படி நினைப்போம்? நான் பொறுமை இழந்து, "ஒரே ஒரு வாட்டி அலாரம் அடிச்சுட்டு முடிவப் பாத்துடலாம்" என்றேன். "பாத்துட்டு? அப்புறம் எத்தினி நாள் ஆடி இன்னா?" என்றாள். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் ஏஜென்ட் ஒரு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். தையல் கோணல், எல்லாம் 'ரிஜக்ட்', பிரித்துத் தைக்க வேண்டும் என்றார். ஏஜென்ட் போனதும் காலா ஓர் அப்பரை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, இரண்டு ஓரங்களிலும் இருந்த துளைகளை விரலால் எண்ணினார். ஒரு பக்கத்தில் இரண்டு துளை கூடுதல். துளை போடுவது கம்பெனி இயந்திரம்.

"ஓட்டையே தப்பு. நான் எப்படித் தைச்சாலும் கோணதான் வரும்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினார். நாங்கள் இருவரும் அதைக் கேட்டோம். கேட்டுவிட்டு, மறுபடியும் அந்தக் கதவைச் சுற்றித் தேடப் போனோம்.

கடைசி நாள் ரஃபி அண்ணன் கணினியைச் சுற்ற ஒரு பழைய போர்வையோடு வந்தார். ஷபானா கோட்டுக்காரனைக் கதவருகே நிழலில் நிறுத்திவிட்டு எழுந்தாள். அலாரம் அடிக்க அப்போதும் சம்மதிக்கவில்லை.

இப்போது நான் சென்னையில் ஒரு செய்தித்தாளில் பிழை பார்க்கும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் அந்த விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டார்கள், வாங்கினேன். படங்கள் பளபளக்கின்றன. நினைத்த இடத்தில் பதிவுசெய்யலாம். ஒன்பதாவது கட்டத்தின் கதவு மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவரை பூஜ்யத்தோடு வந்தவள், இந்த முறை தெரிந்தே வெளிச்சத்தில் கால் வைத்தேன். கதவு திறந்தது. சண்டை போட்டு, உறையை எடுத்து, முடித்தேன். அறிக்கை வந்தது. கண்ணில் பட்ட தடவை: 0.

கடைசிக் கட்டத்து அலாரத்தை விளையாட்டு கணக்கில் எடுப்பதே இல்லை. செய்தவர்களுக்குத் தங்கள் குறை தெரிந்திருக்கிறது. ஆடுகிறவர்களுக்குத்தான் சொல்லவில்லை.

ஆம்பூருக்கு போன் செய்தேன். ஷபானா இன்று ஷூ கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். அலாரத்தையும் பூஜ்யத்தையும் பற்றிச் சொன்னேன்.

"பதினஞ்சு நாள்" என்றாள். "ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா இன்னா?"

பின்னாலிருந்து காலாவின் குரல்: "எந்த வெளையாட்டு? அந்த லெதரு, ரப்பரா? வெக்கச் சொல்லு, கேக்கறேன்."

விளையாட்டைத் திரும்பத் தொடங்கி, இரண்டாவது கட்டத்தில் நிறுத்தி, போனை ஒலிபெருக்கியின் அருகே வைத்தேன். ஒருவன் வந்து திரும்பிப் போனான். அவனுக்குப் பின் கைவிளக்குக்காரன் வந்தான். புதுப்பித்தவர்கள் இரண்டு காவல்காரர்களுக்கும் ஒரே காலடிச் சத்தத்தை வைத்துவிட்டார்கள் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

காலா வெகுநேரம் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே சோலு போட்டுட்டான்" என்றார். "இதுல யாரு வர்றான்னு நான் எப்படிம்மா சொல்றது?"