செம்பியின் கழுத்தில் ஒரு காந்தம்

போன சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அந்தப் பட்டறையின் ஜன்னலோரம் நின்றவர்கள்: நான், என் மனைவி சரசு, அவள் தம்பி பழனிச்சாமி. ஜன்னலுக்கு உள்ளே எங்கள் பூனை செம்பி. வேறு ஆள் கிடையாது. கரண்டும் கிடையாது.

கரண்ட் இல்லாததுதான் அந்த நேரத்தில் எங்களுக்கு இருந்த ஒரே நல்ல விஷயம். வந்துவிட்டால் செம்பி இல்லை.

எப்படி என்கிறீர்களா? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் குடியிருப்பது கோவை கணபதியில், இரண்டு பக்கமும் இரும்பு கடைகிற லேத் பட்டறைகள் இருக்கிற தெரு. எலிக்காக வளர்க்க ஆரம்பித்த பூனைதான் செம்பி. இப்போது எலி இல்லாவிட்டாலும் பூனை இல்லாமல் முடியாது, சரசுக்கு. பின்கதவின் அடியில் ஒரு சாண் அளவுக்கு ஓட்டை போட்டு, கீல் வைத்து ஒரு சின்னப் பலகையைத் தொங்கவிட்டோம். செம்பி தலையால் முட்டிக்கொண்டு வரும், போகும்.

ஆனால் ஓட்டைக்கு ஆள் அடையாளம் தெரியுமா? தெருவில் இருக்கிற பூனைகள் எல்லாம் வர ஆரம்பித்தன. பாலைக் குடித்தால்கூடப் போகட்டும்... எங்கள் சமையலறையிலேயே வைத்து செம்பியை அடித்தன. சாம்பல் நிறக் கடுவன் ஒன்று அதன் காதைக் கிழித்துக் கண்ணோரம் பிறாண்டிவிட்டது. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் கண் போய்விடும் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சுபாவம் அப்படி. கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்க, ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடுகிற ஆள் நான்.

ஓட்டைக்கு வெளியே முள் போட்டேன். முள்ளைத் தாண்டி வந்தன. மிளகாய்த்தூள் தூவினேன். தும்மியது நான். பலகையை வெளிப்பக்கம் மட்டும் திறக்கிற மாதிரி மாற்றினேன். செம்பி வெளியே போனது. திரும்பி வர முடியாமல் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதது. ஓட்டையையே அடைத்துவிடலாம் என்றேன். சரசு என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

அப்போதுதான் பழனிச்சாமி வந்தான். பக்கத்துத் தெரு பட்டறையில் டர்னர், லேத் ஓட்டுகிறவன். வெளிநாட்டில் பூனைக் கழுத்தில் காந்தம் கட்டி, அந்தப் பூனைக்கு மட்டும் திறக்கிற கதவு இருக்கிறதாம். யாரோ சொல்லக் கேட்டிருக்கிறான். கண்ணால் பார்த்ததில்லை. காதில் விழுந்ததையே செய்து பார்த்துவிடுகிற எங்கள் ஊர்க்காரனுக்கு அது போதாதா?

பழைய ரேடியோ ஸ்பீக்கரைப் பிரித்துக் காந்தத்தை எடுத்தான். மிஷின் பெல்ட் துண்டில் கழுத்துப் பட்டை செய்தான். பலகையில் ஒரு இரும்பு முள் வைத்தான். முள் கீழே இருந்தால் கதவு பூட்டு. காந்தம் கிட்டே வந்தால் முள் மேலே எழும்பும், கதவு திறக்கும். அவ்வளவுதான்.

திறந்தது! சாம்பல் கடுவன் வந்து முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, எங்களை ஏதோ திட்டிவிட்டுப் போனது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சரசு சிரித்துப் பார்த்தேன்.

எனக்கு மட்டும் சந்தேகம் விடவில்லை. காந்தம் பூனையின் மூளையை ஏதாவது செய்யுமா? இடி மின்னலை இழுக்குமா? நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், காந்தத்தைப் பற்றி என்ன கண்டேன்? பழனிச்சாமியிடம் கேட்டேன்.

"பூனைக்கு ஒண்ணும் ஆகாதுங்க மச்சான். இப்பிடியே யோசிச்சுட்டு இருந்தீங்கன்னா உங்களுக்குத்தான் எதாச்சும் ஆயிரும்."

இரண்டாம் நாளே செம்பி கழுத்தடியில் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. தாடி வைத்த சாமியார் மாதிரி இருந்தது. சரசு துடைத்துவிட்டாள். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்தோமே தவிர, ஒருவருக்காவது புத்தியில் தட்டியதா? வாசலில் இரும்பு, சாக்கடையில் இரும்புச் சுருள், செருப்படியில் இரும்புத்தூள் என்று வாழ்கிற தெருவில், ஒரு பூனையின் கழுத்தில் காந்தத்தைக் கட்டி அனுப்பியிருக்கிறோம்!

சனிக்கிழமை பால் வைத்த நேரத்துக்கு செம்பி வரவில்லை. மூன்று மணிக்குக் கரண்ட் போய்த் தெரு அமைதியாகிக் கொஞ்ச நேரத்தில் அந்த அழுகை கேட்டது. நாலு வீடு தள்ளி இருக்கிற பட்டறையிலிருந்து.

ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். கம்பி அறுக்கிற பவர் ஹாக்ஸா மிஷின். பாதி அறுத்த இரும்புத் தண்டு அதில் மாட்டியிருக்கிறது. தண்டில் காந்தம் ஒட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டை, தண்டைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் இடுக்கில் சிக்கி, செம்பி அப்படியே கிடக்கிறது. கழுத்துக்கும் பிளேடுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி.

முதலாளி சூலூருக்கு டெலிவரி கொடுக்கப் போயிருந்தார். வேலையாட்கள் நாலு பேரும் ஷட்டரைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு செம்பி இந்த ஜன்னல் கம்பி வழியாகத்தான் நுழைந்திருக்க வேண்டும்.

இங்கே எங்கள் தெருப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் யாரும் மிஷின் சுவிட்சை அணைப்பதில்லை. அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். கரண்ட் வந்தால் மிஷின் தானாக ஓடும், அந்தச் சத்தம் கடை வரைக்கும் கேட்கும், டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வருவார்கள். மிஷின் சத்தம்தான் அவர்களுக்கு பெல்.

அப்படியென்றால் அந்த ஹாக்ஸாவின் சுவிட்ச்? ஆனில்தான் இருந்தது.

"அக்கா, நீ அதுகூடப் பேசிட்டே இரு, துள்ளாமப் பாத்துக்க. நான் சாவி வாங்கியாரேன்" என்று பழனிச்சாமி ஓடினான். எந்தக் கடைக்கு என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் தெருவைச் சுற்றி மூன்று டீக்கடைகள்.

சரசு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "கண்ணு, அசையாதெ கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

நான் என்ன செய்தேன்? பட்டறைச் சுவரின் வெளிப்பக்கம் மீட்டர் பெட்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே மூன்று பியூஸ் கட்டைகள். பிடுங்கினால் மிஷினுக்குக் கரண்ட் வராது. ஆனால் பிடுங்குகிற நொடியில் கரண்ட் வந்தால்? அடுத்தவன் மீட்டரைத் தொட்டதற்குக் கேஸ் போட்டால்? மழைக்காலத்தில் எங்கள் வீட்டு சுவிட்சையே துண்டைச் சுற்றிக்கொண்டு போடுகிறவன் நான்.

சரசு ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "ஏனுங்க, உங்களால முடியலீன்னா இங்க வந்து நில்லுங்க. நான் புடுங்கறேன்."

நானே கை வைத்தேன். முதல் கட்டை சுலபமாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வரவில்லை. ஆட்டினேன். கை வியர்த்து வழுக்கியது. வேட்டி முனையைச் சுற்றிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்... கட்டையோடு நானும் பின்னால் போய் விழுந்தேன்.

எழுந்திருப்பதற்குள் தெரு முழுக்க ஒரே இரைச்சல். எல்லாப் பட்டறையிலும் மிஷின்கள் ஓடத் தொடங்கின.

இந்தப் பட்டறை ஒன்றில் மட்டும் சத்தம் இல்லை. பூனை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வேலையாட்கள் உடனே வந்துவிட்டார்களா? அதுதான் இல்லை. அரை மணி நேரம் யாருமே வரவில்லை. நான் மூன்று கட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். சரசு "கண்ணு, கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்; குரல் கம்மிப் போனது. பழனிச்சாமி மூன்றாவது கடையில்தான் அவர்களைப் பிடித்திருக்கிறான். அவர்களில் மூத்தவர் ரங்கசாமி என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"எங்க மிஷின் சத்தம் கேக்கலீங்களே. எங்களுக்கு மட்டும் லைன் போயிருச்சாட்ட இருக்குதுன்னு, ஆளுக்கு இன்னொரு டீ சொல்லிப்போட்டமுங்க."

ஷட்டரைத் திறந்ததும் சரசு உள்ளே போய்ப் பட்டையை அறுத்தாள். செம்பி அவள் தோளில் ஏறி நகத்தைப் பதித்துக்கொண்டது. ரத்தம் வந்தது. அவள் அதை இறக்கிவிடவில்லை.

பயந்த சுபாவக்காரன் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துவிடுவான் என்று நினைக்கிறார்கள். அவன் வானத்து இடியை யோசிப்பான். காலடியில் கிடக்கிற இரும்பை மிதித்துக்கொண்டே போவான்.

இப்போது காந்தம் இல்லை. பால் வைக்கிற நேரத்தில் ஓட்டைக்கு முன்னால் நானே ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். செம்பி வந்தால் காலை நகர்த்துவேன். கடுவன் வந்தால் பலகை திறக்காதபடி காலால் அண்டை கொடுப்பேன்.

ரங்கசாமி கடைக்காரரிடம், அந்த இரண்டாவது ரவுண்டை என் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டாராம். நியாயம்தான். கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சரசு தினமும் சொல்கிறாள். போனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். அதை மறுபடியும் நினைக்கவே எனக்குப் பயம். அதனால் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

நாலு டீ, கூடவே நாலு போண்டா. பாக்கி நூறு ரூபாய்.