குதிகால் கொப்புளத்தின் நாலாம் நாள்

போன மாதம் என் இடது குதிகாலை விஞ்ஞானத்துக்குக் கொடுத்தேன். கொடுத்த நாலாம் நாளே கெடுத்தும் விட்டேன். சிரிக்கச் சிரிக்க எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பார்ப்போம்...

என் தொப்பையைப் பார்த்துவிட்டு டாக்டர், “தினமும் நடங்க” என்றார். நடப்பதற்கு முன் ஷூ வாங்க வேண்டாமா? காளவாசலில் ஒரு கடையில் வாங்கினேன். இரண்டே நாள் நடை. குதிகாலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கொப்புளம் — பளபளவென்று, உள்ளே தண்ணீர் தளும்ப.

என் மனைவியின் அண்ணன் மகள் கயல். எழுமலைப் பெண், இங்கே ஹாஸ்டலில் தங்கி ஆராய்ச்சி செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள், என் காலைப் பார்த்ததும் கறிக்குழம்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

“மாமா! உடைச்சிராதீங்க மாமா! எம்புட்டு அழகா இருக்கு!”

திருமணமாகி இருபத்தைந்து வருடத்தில், என் உடம்பில் எதையும் யாரும் அழகு என்று சொன்னதில்லை. மயங்கிவிட்டேன்.

அவள் ஆராய்ச்சியே கொப்புளம்தான். இரும்பு கேட்டில் பெயிண்ட் உப்பிக்கொண்டு நிற்கிறதே, அதுவும் அவளுக்குக் கொப்புளம். ஷூ கடித்துத் தோல் எழும்பினால் அதுவும் கொப்புளம். இரண்டிலும் மேலே மெல்லிய படலம், கீழே அது ஒட்டியிருந்த தளம், நடுவில் புகுந்துகொண்ட தண்ணீர். தண்ணீர் தள்ளுகிறது, ஓரம் விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஓரம் எப்போது விட்டுக்கொடுக்கும், எப்போது ‘போதும்’ என்று நிற்கும்? பெயிண்ட் அடித்த தகடுகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அதை அவள் பார்த்துவிட்டாள். தோலில்தான் ஆள் அமையவில்லை. சம்மதித்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய், ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தில் விட்டு வடித்துவிட்டு வந்து “ஸாரி மேடம்” என்றார்களாம்.

ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கினாள். கொப்புளத்துக்குப் பக்கத்தில் சின்ன ஸ்கேல் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டினாள். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு போட்டோ, ஏழு நாள். அதற்கடுத்த வாரம் அவளுடைய ஆய்வுக் கமிட்டி. தோல் பற்றிய பகுதி மொத்தமும் என் காலை நம்பித்தான்.

“தானா உடைஞ்சா, உடைஞ்சிருச்சுன்னு சொல்லிருங்க மாமா. அதுவும் எனக்கு டேட்டாதான்.”

மூன்று நாள் ஒழுங்காக அனுப்பினேன். என் கை நடுக்கத்துக்கு ஒரு போட்டோ தேற எட்டு எடுக்க வேண்டும். நாலாம் நாளும் எட்டு எடுத்து ஒன்றை அனுப்பினேன். பத்து மணி வாக்கில் பார்த்தால்... ஸ்டிக்கரைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் பொரிகள். ஒரே அரிப்பு.

கயலிடம் கேட்டிருக்கலாம். டாக்டரிடம் கேட்டிருக்கலாம். நான் டீக்கடையில் பாண்டியிடம் கேட்டேன். பாண்டி என் பள்ளித் தோழன். ஃபேன் ரிப்பேர் செய்கிறவன், வைத்தியம் இலவசம்.

“மாப்ள... இது அக்கிடா.”

“ஷூ கடிச்சதுடா.”

“ஷூ ஒரு எடத்துலதான கடிக்கும்? இது சுத்திப் போகுது பாரு. அக்கியோட தலையும் வாலும் ஒண்ணு சேந்துச்சு... அம்புட்டுத்தான்.”

“அம்புட்டுத்தான்னா?”

“டீயைக் குடி.”

என் இடுப்பை ஓர் அக்கி சுற்றி வருவதற்கு ஒரு மாதமாவது ஆகும். ஆனால் கணுக்கால்? மத்தியானத்துக்குள் தலையும் வாலும் சந்தித்துவிடாதா? டீ பாதியிலேயே நின்றது. நேராக விளாச்சேரி. மண்பாண்டம் செய்கிறவர் ஒருவர் அங்கே காவி பூசி அக்கி எழுதிக் குணமாக்குவார் என்று பாண்டிதான் சொன்னான்.

அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கி இல்லண்ணே. செருப்புக் கடி. இந்த ஒட்டு பேப்பர் ஒத்துக்கல, அதான் பொரிஞ்சிருக்கு. பிய்ச்சுப் போட்டுட்டுப் போங்க.”

“பரவாயில்ல, எழுதுங்க.”

“இல்லாத அக்கிக்கு என்னத்தண்ணே எழுத?”

“ஒரு சேஃப்டிக்கு!”

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, காவியைக் குழைத்துக் கணுக்கால் முதல் குதிகால்வரை பூசி, அதில் ஒரு சிங்கத்தையும் வரைந்து அனுப்பினார்.

காவி காய்ந்தது. இறுகியது. மறுநாள் விடிந்தது. போட்டோ எடுக்க வேண்டுமே? ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். சிங்கம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. கூடவே கொப்புளத்தின் மேல்தோலும் பெயர்ந்து வந்துவிட்டது.

மணி ஆறே முக்கால்.

போனில் ஒரு வரி போதும். ‘உடைஞ்சிருச்சும்மா.’ ஆனால் எப்படி உடைந்தது என்று கேட்பாளே? பத்திரிகையில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதுகிற மனுஷன் குதிகாலில் சிங்கம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை எப்படிச் சொல்வது? முந்தின நாள் எடுத்ததில் ஏழு போனில் மிச்சமிருந்தன. ஒன்றை அனுப்பினேன். மறுநாள் இன்னொன்று. ஏழாம் நாளும் ஒன்று.

அன்று சாயங்காலம் கயல் கூப்பிட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“மாமா! நாலாம் நாளோட நின்னுருச்சு மாமா! மூணு நாளா ஓரம் இம்மி நகரல. பெயிண்ட்லயும் இப்படித்தான் நிக்கும். நான் நெனச்சது சரியாப் போச்சு! கைடுகிட்ட கூடச் சொல்லிட்டேன்!”

“அப்படியா கண்ணு?” என்றேன்.

அப்படியாவாம்!

கமிட்டிக்கு முந்தின நாள் அவள் ஹாஸ்டல் வாசலுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிங்கம் உட்பட. சிரித்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் பாண்டி மாதிரி பேசிக்கூடக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை.

“உடைஞ்சிருச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல மாமா.”

“தப்புதாம்மா. அந்த மூணு நாளை மட்டும் எடுத்துரு. முதல் நாலு நாளும் சத்தியமா நிஜம்.”

போனை எடுத்து அந்த ஏழு போட்டோவையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

“அது எனக்கு எப்படி மாமா தெரியும்?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

ஏழு நாளையும் எடுத்துவிட்டாள். மறுநாள் கமிட்டி முன்னால் வெறும் பெயிண்ட்டோடு போய் நின்றாள். தோல் பகுதியை முடிக்க ஆறு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்களாம். ஓரம் நின்றுவிட்டது என்று சொன்னாயே, அது என்ன ஆயிற்று என்று கைடு கேட்டதற்கு, “சாம்பிள் சரியில்ல சார்” என்று மட்டும் சொன்னாளாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு அவ்வளவு தயக்கமில்லை. அசட்டுத்தனத்தை ஒப்புக்கொள்ளத்தான் வாய் வருவதில்லை. உங்களுக்கு எப்படி?

குதிகாலில் புதுத் தோல் வந்துவிட்டது. கயல் முன்பு போலவே போன் செய்கிறாள். பிரியத்தில் ஒரு குறையும் இல்லை.

“சாப்டீங்களா மாமா?”

“சாப்டேம்மா.”

“சரி மாமா... போனை அத்தைகிட்ட குடுங்க.”

கொடுக்கிறேன். “மாமா சாப்டாரா அத்தை?” என்று கேட்பது எனக்கும் கேட்கிறது.