பாதி மாத்திரை

பெயிண்டருக்குத் தெருவில் வைத்த பெயர் ஏணி. ஆள் அவ்வளவு உயரம். முப்பது வருடமாக அடுத்தவர் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தவர்; சொந்த வீட்டில் மட்டும் மிச்சமான டப்பாக்களின் நிறங்கள், சுவருக்கு ஒன்றாக. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

அவரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருகிற இடம் ஒன்று உண்டு. நூலகத்துக்குப் பின்னால், இரண்டே அறைகளில் நடக்கும் சனிக்கிழமை மருத்துவமனை. பெரிய ஆஸ்பத்திரிகளின் சிறப்பு மருத்துவர்கள் வாரத்துக்கு ஒருவராக வந்து, காப்பீடும் காசும் இல்லாதவர்களைச் சும்மாவே பார்ப்பார்கள். முதல் சனிக்கிழமை இதய டாக்டரம்மா. ஏணிக்கு ரத்த அழுத்தம். மாதாமாதம் மாத்திரை வாங்கிப் போவார். அழுத்தம் இறங்குவேனா என்றது.

எப்படி இறங்கும்? மனிதர் ஒவ்வொரு மாத்திரையையும் ஷேவிங் பிளேடால் நறுக்கி, பாதியை மனைவிக்குக் கொடுத்துவந்தார். அவளுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அந்த மருத்துவமனையில் ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி அட்டைதான் என்று இவராகவே முடிவு கட்டியிருந்தார். கேட்கப் போய், இருக்கிற அட்டையும் பறிபோனால்? டாக்டரம்மா மருந்தைக் கூட்டியபோது, "இனி உனக்கும் கூடுதலா கிடைக்கும்" என்று வீட்டில் பெருமையாகச் சொன்னார். ஆனால் போன வாரம் அவள் வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை துணிந்து கேட்டுவிட்டார். "டாக்டர், இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுங்க. என் வீட்டுக்காரிக்கு இது பத்தல."

"உங்க வீட்டுக்காரிக்கா?"

எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்ல ஆளுய்யா நீங்க! பிரஷர் இறங்கலையேன்னு ஆறு மாசமா உங்க கிட்னிய சந்தேகப்பட்டுட்டு இருக்கேன். ஆளுக்கு ஒரு அட்டை போடுவோம். போய் அவங்கள கூட்டிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

மனைவி ஒரு மணி நேரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்னம்மா செய்யுது?"

"அவளுக்கு வந்து டாக்டர்..." என்று ஏணி ஆரம்பித்தார்.

"அவங்க சொல்லட்டும்."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "படுத்தா மூச்சு முட்டுது. எட்டு மாசமா செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குறேன். இவரு அசந்து தூங்குவாரு, எழுப்ப மனசு வராது."

ஏணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடியும்போது அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சீக்கிரம் எழுந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தார். பாதி மாத்திரை கொடுக்கத் தெரிந்த மனிதருக்கு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சிலும் முதுகிலும் வைத்துக் கேட்டார், கையோடு கொண்டுவந்திருந்த சின்னக் கருவியில் இதயத்தை ஸ்கேன் எடுத்தார்.

"இவங்களுக்கு பிரஷரே இல்ல. உங்க மாத்திரை இவங்களுக்கு ஆகவே ஆகாது. இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கு. தொடை வழியா குழாய் விட்டு விரிச்சுடலாம். எங்க ஆஸ்பத்திரியிலேயே நானே செய்றேன், செலவு எதுவும் இல்ல."

அவள் கேட்டது ஒன்றுதான். "அப்புறம் படுக்கலாமா டாக்டர்?"

"காலை நீட்டிப் படுக்கலாம்மா."

மூன்றாவது வாரம் சிகிச்சை முடிந்தது. மறுநாள் காலை ஏணியை உள்ளே விட்டார்கள். அவள் மல்லாந்து படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டையே விட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுப்பட்டுமா?" என்றாள் நர்ஸ்.

"வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, ஏணி சத்தமில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.