முப்பத்தொன்றாம் எண் வீடு

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நாற்பது பிள்ளைகள் தபாலக்காவின் வீட்டு வாசலில் நின்று அவளுடைய வீட்டைப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

தபாலக்காவுக்கு அன்று லீவு. முந்தின நாள் நீதிமன்றப் படிகளில் கால் பிசகி, கணுக்கால் பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெயிலில் முகம் சிவந்த பிள்ளைகள். ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு பென்சில். வாசல் தூணில் எட்டு என்று போட்ட பித்தளைப் பலகை. அதன் கீழே அந்தப் பாழாய்ப்போன வரிகள்.

பாவம், தாகமாக இருக்குமே என்றுதான் நினைத்தாள். நொண்டிக்கொண்டே போய் செம்பு நிறையத் தண்ணீரும் இரண்டு தம்ளர்களும் எடுத்துவந்து கதவைத் திறந்தாள். பிள்ளைகளுக்குப் பின்னால், குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற டீச்சரைப் பார்த்தாள்.

அவள் பெற்ற மகள்.

"டீச்சர், டீச்சர்! காட்டிக்கொடுத்தவங்க வீட்லேர்ந்து ஒரு அம்மா வராங்க!" என்று ஒரு பெண்பிள்ளை கத்தினாள்.

"தண்ணி குடிக்கலாமா டீச்சர்?"

மகள் தாயைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடி. பிறகு குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியாதவங்க கிட்ட எல்லாம் வாங்கிக் குடிக்கக்கூடாது. வரிசையில நில்லுங்க. அடுத்து ஒன்பதாவது இடம். வாங்க, வாங்க."

தெரியாதவங்க! பத்து மாதம் சுமந்தவள், இருபத்தொன்பது வருடம் ஒற்றை ஆளாக வளர்த்தவள், நிறைசெம்போடு வாசலில் நின்றாள். நாற்பது சோடி செருப்புகளும் வழிகாட்டத் தெருவில் வரைந்திருந்த மஞ்சள் பாதச் சுவடுகளின் மேல் மிதித்துக்கொண்டு போய்விட்டன.

அவளுடைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புருஷனும் தபால்காரன்தான். மகளுக்கு ஒரு வயது முடிந்த வாரம், மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அவனுடைய வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள். அவனுடைய பையையே தோளில் மாட்டிக்கொண்டாள். பட்டையை மட்டும் நான்கு துளை குறைத்துக்கொண்டாள். கோட்டைவாசல் முதல் துறைமுகம் வரை, இருபத்தொன்பது வருடம், ஒரே வழி. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமனார் மருமகள் கடிதத்தைப் பிரிப்பார், எந்த வீட்டுக் கதவிடுக்கில் விரல் மாட்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஊரில் எல்லாருக்கும் நல்லது கெட்டது கொண்டுபோய்க் கொடுத்தவள். அவள் வாசலுக்கு யாரும் ஒரு பழிச்சொல் கொண்டுவந்ததில்லை, போன வருடம் வரை.

போன வருடம்தான் பழைய நகரப் பாதுகாப்புச் சங்கம் அந்த நடைப்பயணத்தை ஆரம்பித்தது. வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்துக் கட்டிடங்களை, வழிகாட்டி யாரும் இல்லாமல், கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரவரே நடந்து பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு இடம், பன்னிரண்டு பலகை. எட்டாவது இவள் வீடு. துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கிடங்கில் ஒளிந்திருந்தபோது, அவர்களை வெள்ளைக்கார அதிகாரியிடம் காட்டிக்கொடுத்த சுங்க குமாஸ்தாவின் வீடாம். ஆறு பேரைக் கப்பலேற்றி அனுப்பினார்களாம், ஒருவரும் திரும்பவில்லையாம். கடைசி வரிதான் நெஞ்சில் செருகிய ஊசி: "அவருடைய வழிவந்தோர் இன்றும் இவ்வீட்டில் வசிப்பதாகச் சொல்லப்படுகிறது."

பலகை அடித்த அன்றைக்கே சங்கச் செயலாளரிடம் போய் அழுதாள். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வெளியூரிலேயே உத்தியோகம் பார்த்துவிட்டுச் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். கையேட்டை எழுதியதும் அவர்தான்.

"சார், எங்க மாமனார் தகரப் பெட்டி அடிக்கறவரு. வேற ஊர்லேர்ந்து வந்து இந்த வீட்டை வாங்கினாரு. எங்களுக்கும் அந்த குமாஸ்தாவுக்கும் என்ன சார் சம்பந்தம்? யாரு சார் சொன்னது?"

"கோர்ட்டு ஆவணத்துல இருக்கும்மா. ஆள் பேர் இல்ல, கதவு எண் முப்பத்தொன்றுன்னு மட்டும் போட்டிருக்கு. உங்க வீடு முப்பத்தொன்றா இல்லையா?"

"முப்பத்தொன்றுதான். ஆனா..."

"இங்க பாருங்கம்மா. யாருக்கோ மனசு வலிக்குதுன்னு வரலாற்றை மாத்த முடியாது. உண்மை கசக்கும். தாங்கிக்கத்தான் வேணும்."

தாங்கிக்கொண்டாள். வாசலில் நின்று செல்ஃபி எடுத்தவர்களை, காறித் துப்பிய ஒரு கிழவரை, "உங்க தாத்தாவுக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்று சிரித்த கல்லூரிப் பையன்களை எல்லாம் தாங்கிக்கொண்டாள். கையில் கிடைத்த கையேடுகளைப் படிக்காமலே கிழித்துப் போட்டாள். ஆனால் அந்தக் குடை தாழ்ந்ததே, அதை மட்டும் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் மகள் வந்ததும் வெடித்தாள்.

"தெரியாதவளாடி நான்?"

"அம்மா, கத்தாத. நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகி வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. நாற்பது பிள்ளைங்க, நாளைக்கு எண்பது அப்பா அம்மா. என்னை என்ன பேர் வெச்சுக் கூப்பிடுவாங்கன்னு யோசிச்சியா?"

"அது நம்ம குடும்பம் இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அதை யாரு நம்புவா? பித்தளையில எழுதியிருக்குல்ல!"

மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய கைப்பையிலிருந்து ஒரு கையேடு தரையில் விழுந்து கிடந்தது. தபாலக்கா அதை எடுத்தாள். இந்த முறை கிழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கையேட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். முதல் இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அந்தச் செயலாளரின் முகத்துக்கு நேராகக் கேட்பது என்று முடிவு. ஏதாவது ஒரு பொய், ஒரே ஒரு பொய் அகப்படாதா? கோபம் காலை இழுத்துக்கொண்டு போனது. மணிக்கூண்டு. சுங்க மாளிகை. நீதிமன்றம், அந்தப் படிகளை முறைத்துப் பார்த்தாள். ஆளுநர் பங்களாவில் யாரோ ஒரு துரையின் குதிரைக்குக்கூடக் கல்லில் பெயர் வெட்டி வைத்திருந்தார்கள். "குதிரைக்கு இருக்கற மரியாதை" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

ஆறாவது இடம் ஊரின் முதல் மருந்துக்கடை. கதவு எண் பதினேழு என்று கையேட்டில் போட்டிருந்தது. பதினேழாம் எண்ணுக்குப் போனாள். அங்கே முடிதிருத்துபவர் ஒருவர் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தபாலக்கா! நீங்களுமா மருந்துக்கடை தேடி வந்துட்டீங்க?"

"ஏன், இது இல்லையா?"

"அட, நீங்க வேற! வாரத்துக்குப் பத்து பேர் வந்து, முதல் மருந்துக்கடை எங்கேன்னு கேக்கறாங்க. இங்க ஊசி போடறதில்ல, மொட்டைதான் போடறதுன்னு சொல்லி அனுப்பறேன். படத்துல இருக்கற கட்டிடம் அங்க, துறைமுகத்துப் பக்கம் இருக்கு. கல்லுலயே பதினேழுன்னு செதுக்கியிருக்காம். பலகையைச் சரியா அங்கதான் அடிச்சிருக்காங்க. புத்தகத்துல மட்டும் நம்பரைப் போட்டு என் உயிரை வாங்கறாங்க."

தபாலக்கா படத்தைப் பார்த்தாள். அந்தக் கட்டிடம் அவளுக்குத் தெரியாததா? நாற்பதாம் எண். இருபத்தொன்பது வருடமாகத் தபால் போடும் வீடு. ஆனால் கதவிடுக்குக்கு மேலே அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. நிலைக்கல்லில், சுண்ணாம்பு பூசி மறைந்தும் மறையாமலும், பதினேழு.

நாற்பதும் பதினேழும் ஐம்பத்தேழு.

அப்படியே முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் நகராட்சி அந்தத் தெருவின் எண்களைத் தலைகீழாக மாற்றியது. அதுவரை துறைமுகத்திலிருந்து ஆரம்பித்த ஒன்று, அன்றிலிருந்து கோட்டைவாசலில் ஆரம்பித்தது. ஐம்பத்தாறு வீடுகள். பழைய எண்ணில் கடிதங்கள் இரண்டு வருடம் வந்துகொண்டே இருந்தன. புது ஆளான இவள் விழித்தபோது, அப்போதைய போஸ்ட்மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வழி: "பழைய நம்பரை ஐம்பத்தேழுலேர்ந்து கழிம்மா. புது நம்பர் வந்துடும்." அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டே தெருவைக் கற்றாள். பிறகு யாரும் பழைய எண் எழுதுவதில்லை. மறந்தே போயிற்று.

கோர்ட்டு ஆவணத்தில் இருப்பது பழைய முப்பத்தொன்று. ஐம்பத்தேழில் முப்பத்தொன்று போனால் இருபத்தாறு.

"அக்கா, தண்ணி வேணுமா? முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சே."

"இருபத்தாறு" என்றாள் அவள்.

"இருபத்தாறா? அது செயலாளர் சார் வீடாச்சே."

திங்கட்கிழமை தபால் பிரிக்கும் அறையில், பீரோவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த பழைய-புது எண் பட்டியலைப் போஸ்ட்மாஸ்டரின் அனுமதியோடு நகல் எடுத்தாள். தபால் பையில் வைத்துக்கொண்டாள். அன்றைய கடிதங்களை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து, இருபத்தாறாம் எண் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ரிஜிஸ்டரா?" என்று கேட்டுக்கொண்டே செயலாளர் வந்தார்.

"அந்த மாதிரிதான் சார். கையெழுத்து மட்டும் வேண்டாம்."

பட்டியலை மேசைமேல் விரித்தாள். கோர்ட்டு எண்ணைச் சொன்னாள். கழித்துக் காட்டினாள். படித்த மனிதர், இரண்டாவது தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய விரல் பட்டியலில் முப்பத்தொன்றிலிருந்து எதிர்ப்பக்கம் ஊர்ந்து இருபத்தாறில் நின்றது. முகத்தில் ரத்தம் வற்றியது. அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய சட்டத்துக்குள், பித்தளைப் பொத்தான் வைத்த சுங்க அலுவலகக் கோட்டு போட்டுக்கொண்டு ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஐந்து தலைமுறையாக ஒரே வீடு, கொள்ளுத்தாத்தா சுங்கத்தில் குமாஸ்தா என்று இந்த மனிதரே இவளிடம் எத்தனை தரம் பெருமை அடித்திருக்கிறார்!

செயலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இது எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா. நம்பர் மாத்தினப்ப நான் இந்த ஊர்லயே இல்ல."

"தெரியாதுன்னு நம்பறேன் சார்."

"நாளைக்கே ஆளை அனுப்பி உங்க வீட்டுப் பலகையைக் கழட்டிடறேன். எட்டாவது இடத்தையே எடுத்துடலாம். பதினொன்று போதும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். என்ன சொல்றீங்க?"

ஒரு வருடமாக அடக்கி வைத்த தீ அப்போதுதான் தலைக்கு ஏறியது.

"ஏன் சார், வரலாற்றை மாத்த முடியாதுன்னு சொன்னீங்களே? இப்ப மட்டும் மாத்தலாமா? உண்மை கசக்கும், தாங்கிக்கணும்னீங்களே? எனக்கு மட்டும்தான் கசக்கணுமா?"

"மெதுவாப் பேசுங்கம்மா..."

"மெதுவாத்தான் சார் போன வருஷம் பேசினேன். இதே இடத்துல நின்னு அழுதேன். உட்காருன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? சத்தமில்லாமக் கழட்டினா என்ன ஆகும்? ஏதோ அழுது புரண்டு கழட்ட வெச்சாங்கன்னு பேசுவாங்க. வேண்டாம். தப்பு நடந்துச்சுன்னு எழுதணும். எந்த வீடுன்னும் எழுதணும்."

"எனக்கும் பேரப்பிள்ளைங்க இருக்காங்கம்மா. என்னைப் பழி வாங்கறீங்க."

"பழியா? விலாசம் மாறி வந்த தபால் சார் இது. உங்க வீட்டுக்கு வரவேண்டியது, ஒரு வருஷமா என் வீட்ல கிடந்துச்சு. கொண்டுவந்து குடுத்துட்டேன். என் வேலை அவ்வளவுதான்."

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த மனிதரின் முகத்தை நினைத்து இரக்கம் வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

பத்து நாளில் பலகையைக் கழற்றினார்கள். தூணில் நான்கு ஓட்டைகள். கையேட்டில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டியிருந்தது: எட்டாவது இடம், தவறுதலாகக் குறிக்கப்பட்ட முப்பத்தொன்றாம் எண் வீடு அல்ல, இருபத்தாறாம் எண் வீடு. மூலப் பட்டியல் தபாலாபீஸ் சுவரிலேயே ஒட்டியிருந்ததால் அதற்குமேல் மழுப்ப முடியவில்லை. ஆனால் வழிவந்தோர் இன்றும் வசிப்பதாகச் சொல்லப்படும் அந்தக் கடைசி வரி மட்டும் காணாமல் போயிருந்தது. தபாலக்கா அதைக் கவனித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் யாருக்கும் பயம் வந்திருக்கும்.

சீட்டோடு மகள் ஓடிவந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா! ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாங்கம்மா! ஸ்டாஃப் ரூம்ல ஒரே பேச்சு. அடுத்த வாரம் பி செக்‌ஷன் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரேன். நம்ம வாசல்லயே நின்னு, இதுதான் எங்க வீடு, இது எங்க அம்மான்னு சொல்லப் போறேன்!"

தபாலக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடுத்த வாரமா?"

"ஆமா."

"அடுத்த வாரம் அதைச் சொல்ல நீ எதுக்குடி? தெருவுல போறவன்கூடச் சொல்லுவான். கையேட்டுலயே போட்டாச்சு."

மகளின் முகம் சுண்டியது. "இன்னும் கோபமாம்மா? அதான் எல்லாம் சரியாயிடுச்சே!"

"பலகை சரியாயிடுச்சு. நான் கேக்கறது வேற. அது நிஜமாவே நம்ம வீடாயிருந்தா? உன் கொள்ளுத்தாத்தாவே அந்த ஆறு பேரைக் காட்டிக்குடுத்திருந்தா? அப்பவும் வாசல்ல நொண்டிக்கிட்டு நின்னவ யாருடி?"

மகள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கத் தாயின் கை எழுந்தது. எழுந்த கையைத் தாய் தன் மடியிலேயே போட்டு அழுத்திக்கொண்டாள். அன்றைக்குக் குடை தாழ்ந்தபோது இவளுடைய கண்ணை யார் துடைத்தார்கள்?

"சொல்லு. அது நம்ம வீடாயிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"தெரியலம்மா" என்றாள் மகள், விக்கலுக்கு நடுவே. "நிஜமா எனக்குத் தெரியல. அன்னைக்குப் பண்ணினதையேதான் பண்ணியிருப்பேனோ என்னவோ."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தபாலக்கா எழுந்து போய் அதை அணைத்தாள். இந்தப் பெண் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சொன்ன முதல் உண்மை அதுதான். அது இனிக்கவில்லை. கோபமும் தணியவில்லை, நெஞ்சுக்குள் கனன்றபடியேதான் இருந்தது.

காய்த்தட்டை இழுத்து மகளுக்கு முன்னால் வைத்துவிட்டு, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நறுக்கு" என்றாள். "நறுக்கிக்கிட்டே யோசி. தெரியும்போது சொல்லு."