அது தூக்க மாத்திரை இல்லை

எங்கள் கம்பெனி பஸ்ஸில் மாத்திரை பொதுச்சொத்து. ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் தலைவலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும் சீட்டுக்குச் சீட்டு கைமாறும். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. வேண்டாம் என்று சொல்கிறவள் திமிர் பிடித்தவள். அந்தத் திமிர் பிடித்தவள் நான்தான்.

காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் இரைச்சலுக்குள் யாரோ என்னைத் திட்டுவதுபோல் கேட்டு, சோறு இறங்காமல், குளிக்கக்கூட எழ முடியாமல் கிடந்த காலம் ஒன்று உண்டு. மனநல டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று மனச்சோர்வுக்கு, மற்றது அந்தக் குரலுக்கு.

"என்னைக் கேக்காம வேற எந்த மாத்திரையும் போடாதீங்க. நல்லாயிட்டோம்னு நீங்களா நிறுத்தாதீங்க. ஒரு வேளை மறந்தா, ரெண்டு வேளையச் சேர்த்து முழுங்கவும் கூடாது" என்றார்.

முதலில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றியது. உடம்பு வேறு பெருத்தது. அவரிடம் போய்ச் சண்டையே போட்டேன். ரத்தத்தில் சர்க்கரை பார்த்து, அளவை மாற்றிக் கொடுத்தார். மெல்ல மெல்லக் குரல் ஓய்ந்தது. மெஷின் சத்தம் வெறும் மெஷின் சத்தமாகக் கேட்ட அன்று லைனில் நின்றபடியே அழுதேன்.

ஒரு நாள் மதிய ஷிப்டுக்குப் போகும் வழியில் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரி தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவள், பால் குடிக்கும் குழந்தைக்காரி. தன் பையில் விடுவதுபோல் உரிமையோடு என் பையில் கைவிட்டு அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கியும் விட்டாள்.

"இன்னாக்கா, தூக்க மாத்திரைய நீயே வெச்சிக்கினு கீறியே? புள்ள தூங்கினாலும் எனக்குக் கண்ணு மூட மாட்டேங்குது. சும்மா சும்மா அழுவ வருது. இப்பவே பாதி போட்டுக்கினா படபடப்பு அடங்கும்."

சத்து மாத்திரை என்று சொன்னால் விழுங்கிவிடுவாள். பேசாமல் இருந்தாலும் விழுங்கிவிடுவாள். அப்புறம் பிரஸ் மெஷினுக்குள் கை வைப்பாள், வீட்டுக்குப் போய்ப் பால் கொடுப்பாள். உண்மையைச் சொன்னாலோ என் வேலைக்கே உலை.

"தூக்க மாத்திரை இல்லடி. மனநோய்க்கு டாக்டரு எனக்குக் குடுத்தது. உனக்கும் உன் புள்ளைக்கும் ஆவுமான்னு டாக்டருதான் சொல்லணும்" என்று அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

பஸ் முழுக்கத் திரும்பியது. பின்சீட்டிலிருந்து ஒருத்தி, "அப்போ நம்ம பஸ்ல ஒரு பைத்தியம் வருதுன்னு சொல்லு" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆமா. மாத்திரை போட்டுக்கினு நான் டார்கெட்ட முடிக்கிறேன். நீ ஒண்ணும் போடாமலே மெமோ மெமோவா வாங்குற. யாருக்கு வைத்தியம் பாக்கணும்?"

டிரைவர்தான் முதலில் சிரித்தார். மறுநாள் சூப்பர்வைசர் காதுக்கும் போய்விட்டது. கூப்பிட்டார். போச்சு என்று நினைத்தேன். "உன் வேலைல இன்னா குறை கண்டேன்? போம்மா, லைன்ல நில்லு" என்றார்.

அன்றிரவு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பக்கத்து சீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். "நானும் அந்த டாக்டராண்ட வரேன்க்கா. யாருக்கும் தெரியக் கூடாது." கூட்டிக்கொண்டு போனேன். பால் கொடுப்பதைக் கேட்டறிந்து, அவளுக்கு என்று தனியாக மருந்து எழுதினார் டாக்டர். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சில மாதம் போனது. மாதா மாதம் எதற்கு லீவு என்று பிரஸ் பகுதியில் வைத்து சூப்பர்வைசர் அவளைக் கேட்டார். அங்கே கத்திப் பேசினால்தான் காதில் விழும்.

"மனசுக்கு மாத்திரை சாப்டுறேன் சார்! டாக்டராண்ட காட்டணும்!" என்று அவள் கத்தினாள். என் லைன் வரைக்கும் கேட்டது.